மொட்டை மாடியில் பிறந்த தொழிற்சாலை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை உப்பைச் செய்து காட்டுவது வேறு. அதே உப்பை மூட்டை மூட்டையாகச் செய்து, தரம் குறையாமல் கடைக்கு அனுப்பி, போட்ட முதலைத் திரும்ப எடுப்பது வேறு. முன்னதை வேதியியல் என்கிறோம். பின்னதைக் கற்றுத் தரும் படிப்புக்கு வேதிப்பொறியியல் என்று பெயர். இரண்டும் ஒன்றுதானே, அளவைக் கூட்டினால் போதாதா என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். போதாது நண்பர்களே! ஒரு கனசதுரப் பாத்திரத்தின் பக்கத்தைப் பத்து மடங்கு பெருக்கினால் அதன் மேற்பரப்பு 100 மடங்காகும்; கொள்ளளவோ 1,000 மடங்காகிவிடும். உள்ளே பிறக்கும் வெப்பம் ஆயிரம் மடங்கு. அது வெளியேறுவதற்கான சுவர் நூறு மடங்குதான். ஆகவே நம் மேசையில் சாதுவாக நடக்கும் வினை, பெரிய தொட்டியில் கொதித்து வழிகிறது. சில வேளை வெடிக்கவும் செய்கிறது. இந்தச் சிக்கலைக் கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். ஆனால் கையால் உணராமல் அது முழுதாக விளங்குவதில்லை என்பதே அத்துறை அறிந்தோர் கருத்து.

அப்படியானால் இந்தப் படிப்பைப் புத்தகத்தில் தொடங்குவதா, பட்டறையில் தொடங்குவதா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாக எழுதிச் சென்ற ஒருவரைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். அவர்தாம் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய். வேதிப்பொறியியல் என்ற பெயரே நம் நாட்டில் வழங்காத காலத்தில், கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே அந்தத் தொழிலைச் செய்து பார்த்தவர் அவர்.

ராய் 1861ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ராருளி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இப்போது வங்காள தேசத்தில் இருக்கிறது. தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நிலக்கிழார். நல்ல நூல்களைச் சேர்த்து வைத்திருந்தவர். ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். பிள்ளைகளின் படிப்புக்காகவே 1870இல் குடும்பம் கல்கத்தாவுக்குப் பெயர்ந்தது. அங்கே ஹேர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1874இல் கடுமையான சீதபேதி அவரைப் படுக்கையில் தள்ளியது. பள்ளிப் படிப்பே நின்றுபோயிற்று. அந்த ஓய்வில்தான் அவர் தந்தையின் நூலகத்தைக் கரைத்துக் குடித்தார் என்பார்கள். அன்று கெட்ட வயிறு வாழ்நாள் முழுவதும் சீராகவில்லை. அளவான உணவு, நேரம் தவறாத உலாவல், குறித்த நேரத்தில் உறக்கம் என்று தம்மைக் கட்டுப்படுத்திக்கொண்டு, நோயாளி என்று பெயர் வாங்கிய அந்த மனிதர் 82 ஆண்டுகள் வாழ்ந்துவிட்டார்!

பின்னர் ஆல்பர்ட் பள்ளியிலும், வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்லூரியிலும் படித்தார். அவருக்கு இலக்கியத்தில்தான் முதற்காதல். வேதியியல் கட்டாயப் பாடமாக வந்து சேர்ந்தது. அந்தக் கல்லூரியில் ஆய்வுக்கூட வசதி இல்லாமையால் மாநிலக் கல்லூரிக்குச் சென்று அலெக்சாண்டர் பெட்லரின் வகுப்புகளைக் கேட்டார். பெட்லர் வகுப்பில் செய்து காட்டிய சோதனைகள் அவரை அப்படியே பற்றிக்கொண்டன. பார்த்தது போதாமல், வகுப்புத் தோழர் ஒருவரின் அறையிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்து, பார்த்த சோதனைகளையெல்லாம் தாமும் செய்து பார்த்தார். ஒரு முறை சாதாரணத் தகரத்தை வளைத்து ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஊதுகுழல் ஒன்றைச் செய்து பற்றவைத்தபோது அது பயங்கரமாக வெடித்தது. இருவரும் தப்பியது அருந்தலாகத்தான். நம் ஆய்வுக்கூட உதவியாளர் இதைப் படித்தால் எங்களுக்கு இனி எரிவாயு அடுப்பையே திறந்து விடமாட்டார் என்று அஞ்சுகிறேன்.

வீட்டில் பெரும்பாலோருக்குத் தெரியாமலே அவர் கில்கிறிஸ்ட் உதவித்தொகைத் தேர்வுக்குப் படித்தார், வெற்றியும் பெற்றார். 1882இல் கப்பலேறி எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அலெக்சாண்டர் கிரம் பிரவுன் அவருடைய வேதியியல் ஆசிரியர். 1885இல் பி.எஸ்சி., 1887இல் டி.எஸ்சி. பட்டங்கள் பெற்றார். ஸ்காட்லாந்தில் இருந்தபோதே தொழிற்சாலைகள் சிலவற்றையும் சென்று பார்த்தார். பல்கலைக்கழகமும் ஆலையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வாழும் நாடு அது. ஊருக்குத் திரும்பினால் என்ன செய்வது என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே முளைத்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

1888இல் திரும்பினார். டாக்டர் பட்டம் பெற்றவர் ஏறத்தாழ ஓராண்டு வேலையின்றி இருந்தார். அந்நாட்களில் நண்பர் ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கினார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் ரூ. 250. அதே தகுதியுடைய ஆங்கிலேயர் உயர்பணியில் நுழைந்து பன்மடங்கு பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. இந்த வேறுபாட்டை அவர் கல்வித்துறை இயக்குநரிடம் எடுத்துச் சொன்னார். வாழ்க்கையில் வேறு வழிகளும் திறந்திருக்கின்றன, இந்த வேலையை ஏற்கும்படி உங்களை யாரும் வற்புறுத்தவில்லையே என்ற பொருளில் அதிகாரி பதில் சொல்லிவிட்டார். ராய் வேலையை விடவில்லை. ஆனால் அந்த வேறு வழியையும் திறந்து பார்த்துவிடுவது என்று இறங்கினார்! அதிகாரியின் ஏளனம்தான் ஒரு பெரிய நிறுவனத்துக்கு வித்திட்டது என்று சொல்வது மிகையாகலாம். ஆயினும் அந்தச் சொல் அவருக்குத் தைத்திருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் கழித்து எழுதிய தன்வரலாற்றிலும் அதை அவர் மறக்காமல் குறிப்பிடுகிறார்.

இனி வருவதுதான் நான் எழுத வந்தது. கல்கத்தா, அப்பர் சர்க்குலர் சாலை, 91ஆம் எண் வீடு. அதுவே அவர் குடியிருப்பு; அதுவே ஆராய்ச்சிக்கூடம்; அதுவே 1892இல் ரூ. 700 முதலீட்டில் தொடங்கிய பெங்கால் கெமிக்கலின் தொழிற்சாலையும். பகலில் கல்லூரி. மாலையில் வீடு திரும்பியதும் கோட்டைக் கழற்றிவிட்டு அடுப்பும் கொப்பரையுமாக உட்கார்ந்துவிடுவார். மருந்துகள் யாவும் கப்பலில் வந்துகொண்டிருந்த நாட்டில், நாட்டு மூலப்பொருளைக் கொண்டே மருந்துச் சரக்குகளைச் செய்வது அவர் நோக்கம். முதலில் எலுமிச்சையிலிருந்து சிட்ரிக் அமிலம் எடுக்க முயன்றார். கல்கத்தாவில் எலுமிச்சை விற்ற விலைக்குக் கணக்குக் கட்டவில்லை, கைவிட்டார். வேதிவினை சரியாக நடந்தும் தொழில் நடக்கவில்லை! எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லித் தராத முதற்பாடம் இது.

அடுத்து எலும்பு. கசாப்புக் கடைகளில் வீணாகும் மாட்டெலும்பில் கால்சியம் பாஸ்பேட் நிறைந்திருக்கிறது, விலையும் மலிவு. மூட்டை மூட்டையாக வாங்கிவந்து மொட்டை மாடியில் காயப் போட்டார். குளிர்காலம், மழை வராது என்பது கணக்கு. ஆனால் பருவம் தவறி மழை கொட்டியது, நாள்தோறும் பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது. நாற்றம் தெருவைத் தூக்கியது. காகங்கள் கூட்டமாக வந்து விருந்துண்டன. தூக்கிச் சென்ற எலும்புகளை அக்கம்பக்கத்து ஆசாரமான வீடுகளின் முற்றத்தில் போட்டன. கேட்கவா வேண்டும்! அண்டை வீட்டார் நகரசபைக்குப் போவதாக எச்சரித்தனர். நல்லவேளையாக, தெரிந்தவர் ஒருவர் நகரின் ஓரத்தில் மாணிக்தலா பக்கம் இடம் கொடுத்தார். எலும்புகளை அங்கே கொண்டுபோய் இரவில் சூளையிட்டு எரித்தனர். நள்ளிரவில் தீயைக் கண்ட காவலர், யாரையோ கொன்று சடலத்தை எரிக்கிறார்கள் என்று ஐயுற்று வந்து சோதித்தாராம். எலும்புச் சாம்பலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

அந்தச் சாம்பலைக் கந்தக அமிலத்தில் இட்டால், நீரில் கரையாத கால்சியம் பாஸ்பேட், கரையும் பாஸ்பேட்டாக மாறுகிறது. கூடவே கால்சியம் சல்பேட் படிகிறது. கரைசலை வடித்து, சோடா உப்பைச் சேர்த்து, மீண்டும் வடிகட்டி, காய்ச்சி, ஆறவிட்டால் சோடியம் பாஸ்பேட் பளிங்குகளாகப் பிரிகிறது. எரித்தல், கரைத்தல், வடித்தல், ஆவியாக்கல், படிகமாக்கல், உலர்த்தல். பின்னாளில், 1915இல், ஆர்தர் லிட்டில் என்னும் அமெரிக்கர், எந்த வேதித் தொழிலையும் இத்தகைய அடிப்படைச் செயல்களாகப் பிரித்துவிடலாம் என்று காட்டினார். இன்றும் வேதிப்பொறியியல் வகுப்பின் முதற்பெரும் பாடம் அதுதான். ராய் அந்தச் செயல்களை ஒவ்வொன்றாகத் தம் வீட்டுக் கொல்லையில் கையால் செய்து கற்றார்.

காவிரிப் படுகையைச் சேர்ந்த நமக்கு இந்த வினை புதிதன்று. நடவுக்கு முன் வயலில் இடும் சூப்பர் பாஸ்பேட்டின் பிறப்பும் இதே வினையில்தான். எலும்புக்குப் பதில் பாஸ்பேட் பாறை, அவ்வளவே. இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் நம் தமிழகத்து ராணிப்பேட்டையில் எழுந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அடுக்கிய சூப்பர் மூட்டையில் சாய்ந்துகொண்டுதான் நான் பன்னிரண்டாம் வகுப்புப் பாஸ்பரஸ் பாடத்தை நெட்டுருப் போட்டேன். இரண்டும் ஒன்று என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சரக்கைச் செய்தாயிற்று; விற்பது எப்படி? சீமைச் சீட்டு ஒட்டாத புட்டியைக் கல்கத்தா மருந்துக் கடைக்காரர்கள் கையால் தொடத் தயங்கினர். இங்கேதான் ராயின் பழைய தோழர் டாக்டர் அமூல்ய சரண் போஸ் துணைக்கு வந்தார். அவர் மருத்துவர்; சக மருத்துவர்களிடம் நாட்டு மருந்தின் தரத்தை எடுத்துரைத்தார். ஆங்கில மருந்துகளோடு நில்லாமல், நம் மண்ணின் மூலிகைகளையும் அளந்து, வடித்து, ஒரே தரத்தில் புட்டியில் அடைத்தால் என்ன என்று இருவரும் எண்ணினர். ஆடாதோடைப் பாகு, நிலவேம்பு, குடசப்பாலை, ஓமத் திரவம் எல்லாம் பெங்கால் கெமிக்கல் சீட்டோடு வெளிவந்தன. நம் பாட்டிமார் பிள்ளைக்கு வயிறு உப்பினால் கொடுக்கும் ஓமவாட்டர்தான் அது! பாட்டியின் கைப்பக்குவம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதம். தொழிற்சாலைப் புட்டி எல்லாம் ஒரே விதம். இந்த ஒரே விதத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த வரலாற்றைச் சொல்லும் கட்டுரைகள் பலவும் மொட்டை மாடி எலும்பைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டு அடுத்ததை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நான் தாண்ட விரும்பவில்லை. சதீஷ் சந்திர சிங்கா என்னும் இளைஞர் வேதியியலில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். அந்நாளில் பட்டதாரிகள் வக்கீல் தொழிலுக்கும் அரசாங்க வேலைக்கும் ஓடுவார்கள். இவரோ ராயின் பட்டறைக்கு வந்தார். பணமும் போட்டார், உழைப்பும் போட்டார். அவர் வந்த சிறிது காலத்திலேயே, வேலை செய்கையில் ஹைட்ரோசயனிக் அமிலம் தற்செயலாக உட்சென்று உயிர் துறந்தார். கல்லூரியிலிருந்து திரும்பிய ராய்க்கு அந்தச் செய்திதான் காத்திருந்தது. பின்னர் 1898இல் அமூல்ய சரண் போஸும் பிளேக் நோய்க்குப் பலியானார். ராய் தனியே நின்றார்.

கையால் கற்கும் கல்வி உயர்ந்தது என்று மேடையில் சொல்வது எளிது. கை தவறினால் என்னாகும் என்பதற்குச் சதீஷ் சந்திரர் சான்று. இன்று வேதிப்பொறியியல் கற்போர் வெப்பத்தையும் ஓட்டத்தையும் கற்பதோடு, நச்சுவாயு கசிந்தால் காற்று எப்பக்கம் செல்லும், வால்வு அடைத்துக்கொண்டால் அழுத்தம் எங்கே போகும் என்பவற்றையும் பாடமாகப் படிக்கிறார்கள். 1984இல் போபாலில் நடந்ததற்குப் பிறகு இப்பாடம் இல்லாமல் அப்படிப்பு முழுமையாகாது. நம் ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறதே, அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

துன்பத்தினிடையே ராயின் ஆராய்ச்சி நிற்கவில்லை. 1895ஆம் ஆண்டளவில், பாதரச உப்பு ஒன்றை நிறையத் தயாரிப்பதற்காக, நீர்த்த நைட்ரிக் அமிலத்தைப் பாதரசத்தின்மேல் ஊற்றி வைத்திருந்தார். மஞ்சள் நிறப் படிகங்கள் படியத் தொடங்கின. எதிர்பார்த்த உப்பன்று அது. ஆராய்ந்தபோது மெர்குரஸ் நைட்ரைட் என்று தெரிந்தது. 1896இல் அதை வெளியிட்டார். ராயின் பெயரை உலக வேதியியலார் அறியச் செய்தது இந்தக் கண்டுபிடிப்பு. அதைத் தேடிப் போனவருக்கு அது கிடைக்கவில்லை; வேறொரு சரக்கைச் செய்யப் போனவர் கண்ணில் பட்டது. 1902இலும் 1909இலும் அவர் வெளியிட்ட இந்து இரசாயன வரலாறு என்னும் இரு பெருந்தொகுதிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே இடமில்லை.

1901இல் பெங்கால் கெமிக்கல் பங்கு நிறுவனமாயிற்று. பின்னர் மாணிக்தலாவில் பெரிய ஆலை எழுந்தது. ஓர் ஆலைக்கு வேண்டிய முதற்பொருள் கந்தக அமிலம். அதை வாங்கிக்கொண்டே இருந்தால் இலாபம் அமிலக்காரருக்குத்தான். ஆகவே ஈய அறை முறையில் கந்தக அமிலத்தைத் தாங்களே செய்தனர். நாம் இந்த முறையைத் தேர்வுக்காகப் படம் வரைந்து, குளோவர் கோபுரம், கே-லூசாக் கோபுரம் என்று பெயர் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். ஆனால் அறை ஏன் ஈயத்தால்? இரும்பை அரிக்கும் அந்த அமிலம் ஈயத்தைத் தொட்டதும் மேலே ஈய சல்பேட் படலம் ஒன்றை உண்டாக்குகிறது. அப்படலமே உலோகத்துக்குக் கவசமாகிவிடுகிறது. சரி, ஈயத் தகடுகளை எப்படி இணைப்பது? வெள்ளீயம் கலந்த பற்றாசு வைத்தால் அமிலம் பற்றாசைத் தின்றுவிடும். ஹைட்ரஜன் சுடரால் ஈயத்தை ஈயத்தோடே உருக்கி ஒட்ட வேண்டும். சுடர் ஒரு நொடி கூடினால் தகடு ஓட்டை. ஒரு நொடி குறைந்தால் இணைப்பு இளக்கம். அந்தக் கைத்திறன் எந்த விடைத்தாளிலும் வராது.

மாணிக்தலாவின் சிறப்பு இதுதான் என்பது என் கருத்து. அங்கே வேதியியல் பட்டதாரியும், கொல்லரும், தச்சரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தனர். வடிகலம், உலர்த்தும் அடுக்கு, ஆய்வுக்கருவி முதலியவற்றை ஆலைப் பட்டறையிலேயே செய்துகொண்டனர். 1903இல் ராஜசேகர் போஸ் என்னும் வேதியியல் பட்டதாரி வந்து சேர்ந்தார். பிறகு நெடுங்காலம் ஆலையை நிர்வகித்தவர் அவரே. பரசுராம் என்ற புனைபெயரில் வங்காளத்தின் தலைசிறந்த நகைச்சுவைக் கதைகளை எழுதியவரும் அவர்தான் என்பதை நம் தமிழ்த்துறை நண்பர்கள் கவனிக்க! முதல் உலகப்போரில் கப்பல்கள் நின்றபோது, நைட்ரிக் அமிலம், தேயிலைத் தூளிலிருந்து காபீன், தீயணைப்புக் கருவி என்று நாட்டுக்கு வேண்டியவற்றை இந்த ஆலை செய்து கொடுத்தது.

இவ்வளவு பட்ட அனுபவத்திலிருந்து ராய் ஒரு முடிவுக்கு வந்தார். முதலில் தொழிற்கல்லூரிகளை நிறுவினால் அவற்றிலிருந்து தொழில்கள் தாமே பிறந்துவிடும் என்று நம்புவது தவறு. முதலில் தொழில்கள் வேண்டும், அவற்றின் தேவையிலிருந்து கல்லூரிகள் பிறக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பட்டத்தை மட்டும் நம்பி வரும் இளைஞர் ஆலையில் திகைத்து நிற்பதை அவர் கண்டிருந்தார்.

உலக வரலாறு ஓரளவு அவர் பக்கம் பேசுகிறது. வேதிப்பொறியியலை முதன்முதலில் தனிப் பாடமாகச் சொன்ன ஜார்ஜ் டேவிஸ் ஆலைகளைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளராக இருந்தவர். 1887இல் மான்செஸ்டரில் அவர் நிகழ்த்திய பன்னிரண்டு சொற்பொழிவுகளும் ஆலைகளில் கண்டவற்றிலிருந்து பிறந்தவை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1916இல் ஒரு புதுமை செய்தது. மாணவர்களை ஆசிரியரோடு ஆலைக்கே அனுப்பி, அங்கேயே தங்கவைத்து, ஓடும் ஆலையின் சிக்கல்களையே பாடமாகக் கொடுத்தது. புகைப்படக் கருவிக்குப் பெயர்பெற்ற ஈஸ்ட்மன் அதற்குப் பணம் கொடுத்தார். அந்த முறை ஒரு நூற்றாண்டு கடந்தும் வாழ்கிறது.

ஆனால் ராயின் கொள்கையை அப்படியே ஏற்க என் மனம் ஒப்பவில்லை. கல்கத்தாவிலேயே, தேசியக் கல்விக் குழுவின் தொழிற்கல்லூரி 1921இல் வேதிப்பொறியியல் வகுப்பைத் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். அதுதான் பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சென்னையில் வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944இல் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. ஆலைகள் நிறையட்டும் என்று இவர்கள் காத்திருந்தால் நமக்குப் பொறியாளர் கிடைத்திருப்பார்களா? ஆலையே இல்லாத ஊர்ப் பிள்ளை எங்கே போய்க் கற்பது?

நம் பகுதியையே எடுத்துக்கொள்வோம். புகைபோக்கி தெரிந்தால் அது பெரும்பாலும் அரிசி ஆலைதான். என் தந்தையார் அத்தகைய ஓர் ஆலையில் பாய்லரைக் கவனிப்பவர்; பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஊறல் தொட்டியை முகர்ந்தே நெல் புளித்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறினால் நெல் நொதித்து வாடை ஏறும். 65 முதல் 70 டிகிரி சூட்டில் ஊறவைத்தால் சில மணி நேரத்தில் வேலை முடியும், வாடையும் இராது. நீர் உமியைத் தாண்டி அரிசிக்குள் ஊடுருவும் வேகம் வெப்பத்தோடு கூடுகிறது என்று நான் பாடத்தில் படித்திருக்கிறேன். என் தந்தையார் அதைப் படிக்கவில்லை, நாள்தோறும் செய்கிறார். ஊறவைத்தல், நீராவியில் அவித்தல், உலர்த்தல், உமியை எரித்து அந்த நீராவியையே உண்டாக்கல்! ராய் தம் கொல்லையில் கற்ற அடிப்படைச் செயல்களில் பாதி இங்கே நம் கண்ணெதிரில் நடக்கின்றன. 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சிறு ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, 1984இல் தஞ்சாவூருக்குப் பெயர்ந்து, இன்று உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். பட்டம் அளிக்கும் தேசிய நிறுவனமாக நிற்பது அதுதான். ஆலைக்குள் பிறந்த கல்லூரி! ராய் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலை தேடி அலுவலக வாசலில் நிற்கும் பட்டதாரிகளை ராய் கடுமையாகக் கண்டித்தார். எழுத்தர் வேலைக்காக வாழ்க்கையை வீணாக்குகிறார்கள் என்று வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானதே. எனினும் எலுமிச்சையில் நட்டம் வந்தபோதும், எலும்பு அழுகியபோதும், மாதம் ரூ. 250 அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவருக்கு அந்த மாதச் சம்பளம் ஆசையன்று, அடுப்பு. தேர்வாணையத் தேர்வுக்குப் படி என்று என் தாயார் சொல்வதை நான் குறையாக நினைக்கவில்லை. பி.எஸ்சி. முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர இடமுண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருந்தால் போதும். வேதிப்பொறியியலுக்கு அவ்வழியே செல்லும் எண்ணம் எனக்கு உண்டு. மூன்றாண்டுச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை.

ராயின் பிற்காலம் அனைவரும் அறிந்தது. 1916இல் மாநிலக் கல்லூரியை விட்டு, கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்குச் சென்றார். அங்கேயே மாடியில் ஓர் அறை. அதுதான் இறுதிவரை அவர் வீடு. மணம் செய்துகொள்ளவில்லை. ஏழை மாணவர் சிலர் எப்போதும் உடனிருப்பார்கள். மேகநாத சாகா, சத்தியேந்திர நாத போஸ் முதலானோர் அவரிடம் வேதியியல் கேட்டவர்கள். 60 வயதுக்குப் பிறகு வந்த சம்பளம் முழுவதையும் பல்கலைக்கழகத்துக்கே விட்டுக்கொடுத்தார். 1922இல் வடவங்காளத்தை வெள்ளம் சூழ்ந்தபோது, வேதியியல் பேராசிரியர் நிவாரணப் படைக்குத் தலைவரானார். அறிவியல் கல்லூரியே அரிசி மூட்டையும் துணி மூட்டையுமாக நிறைந்தது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்கத் தமிழர் முதலானோர் படும் துயரத்தை 1902இல் கல்கத்தாவில் எடுத்துரைக்கக் கூட்டம் கூட்டித் தந்தவரும் ராய்தான். தில்லையாடி வள்ளியம்மையின் மாவட்டத்தார் நாம், அதற்காகவும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள். 1924இல் இந்திய வேதியியல் கழகத்தை நிறுவி அதன் முதல் தலைவரானார். 1944ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், அறிவியல் கல்லூரியின் அந்த அறையிலேயே உயிர் பிரிந்தது.

பெங்கால் கெமிக்கலை 1980இல் அரசு நாட்டுடைமையாக்கியது. 2020இல் கொரோனா பரவியபோது மலேரியா மருந்துக்காகச் செய்தித்தாள்களில் மீண்டும் அதன் பெயர் அடிபட்டது. அவர்கள் செய்யும் பினாயில் இன்றும் விற்கிறது.

ராய் தம் வரலாற்றை 1932இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். நம் நூல்நிலையத்தில் அதன் ஒரு படி இருக்கிறது. வேதியியல் அடுக்கில் தேடாதீர்கள். வரலாற்று அடுக்கில், கீழ்த்தட்டில் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும். எலும்புக் கதை வரும் பக்கத்தில் நான் ஒரு பேருந்துச் சீட்டை வைத்திருக்கிறேன்.